கிட்டாரில் ஒரு நோட்டுஸ்வரம்

மின்னும் விண்மீனைப் பற்றிய ஆங்கிலக் குழந்தைப் பாடலை அறியாத மாணவர் நம்மிடையே இருக்க முடியாது. பாலர் பள்ளியிலேயே அதன் மெட்டு நம் காதில் ஏறிவிடுகிறது. அந்த மெட்டு இங்கிலாந்தில் பிறந்ததன்று. பிரெஞ்சு நாட்டு மெட்டு அது. 1761-ஆம் ஆண்டிலேயே பிரான்சில் அச்சேறியது. மொஸார்ட் 1781-82-ஆம் ஆண்டுகளில் அதை எடுத்துக்கொண்டு பியானோவுக்காக 12 மாற்று வடிவங்கள் அமைத்தார்.

அதே மெட்டு நம் திருவாரூர்க்காரர் ஒருவர் கையிலும் அகப்பட்டது. அவர்தாம் முத்துஸ்வாமி தீட்சிதர் (1775-1835). அவருடைய குடும்பம் சில ஆண்டுகள் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தது. அப்போது புனித ஜார்ஜ் கோட்டையின் பாண்டு வாத்தியங்களைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டதும் அங்கேதான். அயல் நாட்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சொற்களை அமைத்து முத்துஸ்வாமி தீட்சிதர் இயற்றிய சுமார் 40 சிறு பாடல்களை நோட்டுஸ்வரங்கள் என்கிறோம். அவற்றுள் மதுரை மீனாட்சியைப் பற்றிய ‘ச்யாமளே மீனாக்ஷி’ என்பது மேற்கூறிய விண்மீன் மெட்டில் அமைந்தது.

ஓர் ஊரின் மெட்டை மற்றோர் ஊரின் சொல்லிலோ கருவியிலோ பொருத்தும்போது எதைக் காப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யவேண்டும். இந்த மெட்டை நீங்களே கிட்டாரில் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்து விரல் வைப்பதைப் பற்றி நான் கூறவில்லை. ஒவ்வொரு சுரத்தையும் எங்கே வாசிப்பது, அதன் கீழே எந்தச் சுரத்தைத் துணையாக ஒலிப்பது என்பதை நீங்களே முடிவு செய்யவேண்டும். அதற்கு வேண்டிய விதிகள் உங்கள் பௌதிகப் பாடத்தில், தந்தியின் அதிர்வுகள் என்னும் பகுதியில் இருக்கின்றன.

தந்தியும் ஃப்ரெட்டும்

இழுத்துக் கட்டிய தந்தியின் அதிர்வெண் மூன்றைப் பொறுத்தது. தந்தியின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரு மடங்காகும். இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரு மடங்காகும். அலகு நீளத்தின் நிறை நான்கு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும். சோனாமீட்டர் என்னும் சுரமானியில் இதை நீங்கள் செய்து பார்த்திருப்பீர்கள். கிட்டார் என்பது ஆறு தந்திகள் கொண்ட சுரமானியே. ஆணியை முறுக்கினால் இழுவிசை மாறுகிறது. தடித்த தந்திக்கு நிறை அதிகம். விரலை ஃப்ரெட்டுக்குப் பின்னால் அழுத்தினால் நீளம் குறைகிறது.

கிட்டாரின் திறந்த தந்தி பொதுவாக ஏறத்தாழ 65 செ.மீ. நீளம் இருக்கும். 12-ஆம் ஃப்ரெட் சரியாக நடுவில், 32.5 செ.மீ.-இல் அமைந்திருக்கிறது. அங்கே அழுத்தினால் மேல் ஸ்தாயி கிடைக்கும். இடையிலுள்ள 12 படிகளும் சம விகிதமுடையவை. ஒவ்வொரு படிக்கும் அதிர்வெண்ணை 1.0595 ஆல் பெருக்கவேண்டும். இந்த எண்ணைத் தன்னைத்தானே 12 முறை பெருக்கினால் 2 கிடைக்கும். சீன அறிஞர் சூ ட்சாயூ 1584-ஆம் ஆண்டிலேயே இந்தக் கணக்கை வெளியிட்டார்.

தஞ்சாவூர் வீணையிலும் ஒரு ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டுகள் உண்டு. இந்த அமைப்பைத் தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தோடு, அதாவது 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு இணைத்துக் கூறுவது மரபு. கிட்டாரின் ஃப்ரெட் மரத்தில் வெட்டிய பள்ளத்தில் கணக்குப்படி அடித்து இறக்கப்படுகிறது. வீணையின் மெட்டோ மெழுகின்மேல், காதால் கேட்டுக் கேட்டு இடம் பார்த்து வைக்கப்படுகிறது. இந்த வேறுபாட்டின் விளைவைச் சற்றுப் பின்னர் காண்போம்.

(பாட்டின் ‘மெட்டு’ வேறு, வீணையின் ‘மெட்டு’ வேறு. குழப்பம் வராதிருக்கக் கிட்டாரில் உள்ளதை ஃப்ரெட் என்றே கூறி வருகிறேன்.)

முதற்படி: ஆதார சுருதியைத் தேர்ந்தெடுத்தல்

நமது மெட்டைப் பாடிப் பாருங்கள். ஆதார ஸட்ஜத்தில் தொடங்கிப் பஞ்சமத்துக்குத் தாவி, தைவதத்தைத் தொட்டு, பின்னர்ப் படிப்படியாக இறங்கி ஸட்ஜத்தை அடைகிறது. ச, ரி, க, ம, ப, த ஆகிய ஆறு சுரங்களே அதில் வருகின்றன. நிஷாதம் வருவதேயில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டாரின் திறந்த தந்திகளை, தடித்த ஆறாம் தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்தி வரை, ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி சேர்ப்பது வழக்கம். எதை ‘ச’ என்று கொள்வது? ஜி என்னும் சுருதியை, அதாவது நம்மவர் ஐந்து கட்டை என்பதை, ‘ச’ ஆகக் கொண்டு பாருங்கள். அப்போது ஆறு திறந்த தந்திகளும் முறையே த, ரி, ப, ச, க, த ஆகிவிடுகின்றன! எல்லாமே நம் மெட்டில் வரும் சுரங்கள். வேறு பல சுருதிகளைத் தேர்ந்தெடுத்தால் சில தந்திகள் பாட்டுக்குப் பொருந்தாமல் வாளா இருக்கும். தவறித் தொட்டுவிட்டாலோ அபசுரமாக ஒலிக்கும்.

இனிச் சுரங்களின் இடங்களைக் குறித்துக்கொள்வோம்:

ச – 3-ஆம் தந்தி, திறந்த நிலை – 196.0 ஹெர்ட்ஸ்
ரி – 3-ஆம் தந்தி, 2-ஆம் ஃப்ரெட் – 220.0 ஹெர்ட்ஸ்
க – 2-ஆம் தந்தி, திறந்த நிலை – 246.9 ஹெர்ட்ஸ்
ம – 2-ஆம் தந்தி, 1-ஆம் ஃப்ரெட் – 261.6 ஹெர்ட்ஸ்
ப – 2-ஆம் தந்தி, 3-ஆம் ஃப்ரெட் – 293.7 ஹெர்ட்ஸ்
த – 1-ஆம் தந்தி, திறந்த நிலை – 329.6 ஹெர்ட்ஸ்

மெட்டு முழுவதும் மூன்று மெல்லிய தந்திகளில், முதல் மூன்று ஃப்ரெட்டுகளுக்குள் அடங்கிவிட்டது. தடித்த மூன்று தந்திகளும் கட்டைவிரலுக்காகக் காத்திருக்கின்றன.

இரண்டாம் படி: கீழ்ச்சுரத்தைத் தேர்ந்தெடுத்தல்

தந்தியை மீட்டும்போது அடிப்படை அதிர்வெண் மட்டும் ஒலிப்பதில்லை. அதன் 2, 3, 4, 5 மடங்கு அதிர்வெண்களும் மேற்சுரங்களாகக் கூடவே ஒலிக்கின்றன. ஆறாம் தந்தியின் 3-ஆம் ஃப்ரெட்டில் கிடைக்கும் கீழ் ஸ்தாயி ‘ச’வின் அதிர்வெண் 98. அதன் மடங்குகள் 196, 294, 392, 490. இவை என்ன சுரங்கள்? 196 மீண்டும் ச. 294 ஏறத்தாழ ப. 392 மறுபடியும் ச. 490-ஓ காந்தாரத்தின் மேல் ஸ்தாயிக்கு அருகில் விழுகிறது. ஆகவே ‘ச’ என்ற ஒரே தந்திக்குள் ச, ப, க ஆகிய மூன்றும் குடியிருக்கின்றன. ஆதார சுருதியை மட்டும் மீட்டும் தம்பூராவில் காந்தாரம் தானே எழுவதைக் கூர்ந்து கேட்பவர்கள் அறிவார்கள்.

இதே கணக்கை ‘ம’வுக்குச் செய்யுங்கள். அதன் மூன்றாம் மடங்கு ச. ஐந்தாம் மடங்கு த. ‘ப’வுக்குச் செய்யுங்கள். மூன்றாம் மடங்கு ரி. ஐந்தாம் மடங்கு நி. இப்போது மூன்று கூட்டங்கள் கிடைத்துவிட்டன:

‘ச’வின் கூட்டம் – ச, க, ப
‘ம’வின் கூட்டம் – ம, த, ச
‘ப’வின் கூட்டம் – ப, நி, ரி

ஏழு சுரங்களும் இந்த மூன்று கூட்டங்களுக்குள் வந்துவிட்டன. கிட்டார் வாசிப்பவர்கள் கார்டு என்று கூறுவது இந்தக் கூட்டத்தையே. நமக்கு வேண்டிய விதி இனி எளிது: மெட்டில் எந்தச் சுரம் ஒலிக்கிறதோ, அதைத் தன் கூட்டத்தில் கொண்ட கீழ்ச்சுரத்தைக் கட்டைவிரலால் மீட்டுக. கீழ் ‘ச’ ஆறாம் தந்தியின் 3-ஆம் ஃப்ரெட்டில் இருக்கிறது. ‘ம’ ஐந்தாம் தந்தியின் 3-ஆம் ஃப்ரெட்டில். ‘ப’ நான்காம் தந்தியின் திறந்த நிலையில்.

க வரும் இடத்தில் கீழே ச. த வரும் இடத்தில் கீழே ம. ரி வரும் இடத்தில் கீழே ப. இவற்றில் ஐயமில்லை. ஆனால் ‘ப’ வரும்போது கீழே ‘ச’வும் பொருந்தும், ‘ப’வும் பொருந்தும். முதல் அடியின் கடைசியில் நீண்டு நிற்கும் ‘ப’வை இரு விதமாகவும் வாசித்துக் கேளுங்கள். கீழே ‘ச’ இருந்தால் பாட்டு ஓர் இடத்தில் அமர்ந்தாற்போல் தோன்றும். கீழே ‘ப’ இருந்தால் இன்னும் ஏதோ வரவேண்டும் என்று காத்து நிற்பதுபோல் தோன்றும். எது சரி என்று பௌதிகம் கூறாது. அது உங்கள் விருப்பம். உங்களுடைய சொந்த அமைப்பு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

நிஷாதத்தை மறந்துவிடவில்லையே? மெட்டில் அது இல்லாததால், மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு இது சங்கராபரணமா, அரிகாம்போதியா என்று கூற இயலாது. இரண்டுக்கும் வேறுபாடு நிஷாதத்தில் மட்டுமே. ஆனால் ‘ப’வின் கூட்டத்தைச் சேர்த்தவுடன் காகலி நிஷாதம் உள்ளே வந்துவிடுகிறது, பாட்டு ஐயத்துக்கிடமின்றிச் சங்கராபரணமாகிவிடுகிறது. நோட்டுஸ்வரங்கள் சங்கராபரணத்தைச் சேர்ந்தவை என்று வழங்கப்படுவதோடு இது பொருந்துகிறது. துணைச்சுரம் வெறும் அலங்காரமன்று. ராகத்தையே தீர்மானிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்பதைக் கண்டுகொண்டீர்கள்.

மூன்றாம் படி: ஓயும் ஒலியை நிரப்புதல்

பாடகர் ஒரு சுரத்தை மூச்சு உள்ளவரை நீட்டலாம். நாகசுரமும் அப்படியே. மீட்டிய தந்தியின் ஆற்றலோ பிரிட்ஜின் வழியாக மேற்பலகைக்குச் சென்று, காற்றில் ஒலியாகக் கரைந்துவிடுகிறது. நம் மெட்டில் ஒவ்வோர் அடிக்கும் எட்டு எண்ணிக்கை. ஆறு சுரங்கள் ஒவ்வோர் எண்ணிக்கை. ஏழாவது சுரம் இரண்டு எண்ணிக்கை. அந்த நீண்ட சுரத்தில் ஒலி மெலிந்து ஒரு வெற்றிடம் தோன்றும்.

வீணையில் பக்கவாட்டிலுள்ள தாளத் தந்திகளை மீட்டி இத்தகைய வெற்றிடத்தை நிரப்புகிறார்கள். கிட்டாரில் நாம் அந்தந்தக் கூட்டத்தின் சுரங்களை ஒவ்வொன்றாக உதிர்த்து விடலாம். கடைசி ‘ச’வில் அடி முடிந்தால், திறந்த நான்காம் தந்தியையும் (ப) திறந்த இரண்டாம் தந்தியையும் (க) அடுத்தடுத்து மெல்ல மீட்டுங்கள். அடி ‘ரி’யில் முடிந்தால் முதல் தந்தியின் 2-ஆம் ஃப்ரெட்டில் நிஷாதம் இருக்கிறது. அளவோடு செய்யுங்கள். நிரப்பும் சுரம் மெட்டைவிட ஓங்கி ஒலித்தால் கேட்பவருக்குப் பாட்டு புலப்படாது.

முதல் இரண்டு அடிகள் பாட்டின் இறுதியில் திரும்ப வருகின்றன. இரண்டாம் முறையும் ஒன்றுபோல் வாசிக்காமல் மீட்டும் இடத்தை மாற்றிப் பாருங்கள். பிரிட்ஜுக்கு அருகில் மீட்டினால் உயர்ந்த மேற்சுரங்கள் வலுத்து ஒலி கூர்மையாகும். தந்தியின் நடுப்பகுதியை நோக்கி நகர்ந்தால் ஒலி மென்மையாகும். சுரம் மாறவில்லை, மேற்சுரங்களின் கலவைதான் மாறுகிறது.

ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று

கீழ் ‘ச’வையும் திறந்த இரண்டாம் தந்தியின் ‘க’வையும் ஒருசேர மீட்டி உற்றுக் கேளுங்கள். ஒலி மெல்லத் துடிப்பது காதில் படும். இது விம்மல். ‘ச’வின் ஐந்தாம் மடங்கு 490, ‘க’வின் இரண்டாம் மடங்கு 493.9. வேறுபாடு ஏறத்தாழ 4. ஆகவே விநாடிக்கு 4 விம்மல்கள். இயற்கையான காந்தாரம் 245 ஹெர்ட்ஸ். கிட்டாரின் காந்தாரம் அதைவிடச் சற்று உயர்ந்தது. 65 செ.மீ. தந்தி ஒன்றில் கணக்கிட்டால், இயற்கைக் காந்தாரத்துக்குத் தந்தியின் நீளம் 52.0 செ.மீ. இருக்கவேண்டும். ஃப்ரெட் கொடுப்பது 51.6 செ.மீ. 4 மில்லிமீட்டர் தவறு! பஞ்சமத்திலோ இந்தத் தவறு அரை மில்லிமீட்டர்தான்.

‘இரண்டாம் தந்தியைச் சற்றுத் தளர்த்தி 245 ஆக்கிவிடலாமே?’ என்று நீங்கள் கேட்கலாம். செய்து பாருங்கள். காந்தாரத்தில் விம்மல் நின்றுவிடும். ஆனால் அதே தந்தியின் 3-ஆம் ஃப்ரெட்டில்தான் நம் பஞ்சமம் இருக்கிறது. அது 294-க்குப் பதில் 291.4 ஆக இறங்கிவிடும். முன்பு மூன்று விநாடிக்கு ஒன்றாக இருந்த விம்மல் இப்போது விநாடிக்கு இரண்டு மூன்றாகிவிடும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கெடுகிறது. எல்லாச் சுரங்களையும் சிறிது சிறிது விட்டுக்கொடுக்கச் செய்து, எதுவும் பெரிதும் கெடாமல் காக்கும் உடன்பாடே சம விகித ஃப்ரெட் முறை.

வேறு ஓர் உபாயம் இருக்கிறது. ஐந்தாம் மேற்சுரத்தின் கணுக்களில் ஒன்று தந்தியின் ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் அமைகிறது. கீழ் ‘ச’வுக்கு அதிரும் நீளம் ஏறத்தாழ 54.7 செ.மீ.; பிரிட்ஜிலிருந்து 11 செ.மீ. தள்ளி மீட்டினால் அந்த மேற்சுரம் பெரிதும் எழாது. விம்மலும் அடங்கிவிடும்.

கிட்டாருக்குள் அடங்காதவை

நோட்டுஸ்வரத்தை நாம் எளிதில் அமைத்துவிட்டோம். காரணம், அதன் சுரங்கள் அசையாமல் நிற்பவை. நம் மரபுப் பாடல்கள் எல்லாம் அத்தகையவை அல்ல. தோடியின் காந்தாரத்தை ஒரே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் அது தோடியாகாது. அந்தக் காந்தாரம் ஒரு புள்ளியன்று, ஓர் அசைவு. நீலாம்பரியில் பாடும் தாலாட்டும் சுரத்துக்குச் சுரம் வழுக்கி இறங்கும் குழைவால்தான் குழந்தையைத் தூங்கவைக்கிறது. அசையும் சுரத்தின் கீழே அசையாத கூட்டத்தை வைத்தால் இரண்டும் நொடிக்கு நொடி மோதும்.

தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இழுவிசையைக் கூட்டினால் சுரம் உயரும். ஒரு படி உயர இழுவிசை 12 விழுக்காடு கூடவேண்டும்; இரண்டு படி உயர 26 விழுக்காடு. வீணையில் மெட்டுகள் உயரமானவை; தந்தியை இழுக்க இடம் உண்டு. கிட்டாரில் விரல் பலகையில் உராய்கிறது. 1970-களில் ‘சக்தி’ குழுவில் நம் விக்கு விநாயகராமுடன் வாசித்த ஜான் மெக்லாக்லின், ஃப்ரெட்டுகளுக்கிடையே பலகையைக் குழிவாகச் செதுக்கிய கிட்டாரைப் பயன்படுத்தியது இதனால்தான். கோட்டுவாத்தியமோ மெட்டுகளையே விட்டுவிட்டு, தந்தியின்மேல் ஒரு கட்டையை நகர்த்தி வாசிக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தது.

ஆகவே வேறொரு பாட்டை எடுக்கும்முன் இதைச் சோதியுங்கள்: சுரங்கள் நிற்கின்றனவா, அசைகின்றனவா? கும்மி, கோலாட்டம் போன்றவற்றில் பெரும்பாலும் நிற்கும். அவற்றுக்குக் கூட்டம் சேர்க்கலாம். அசையும் பாட்டானால் கீழே ‘ச’வையும் ‘ப’வையும் மட்டும் தம்பூராபோல் ஒலித்து, மேலே விரலை வழுக்கி வாசியுங்கள். கூட்டம் வேண்டாம்.

நம் டெல்டா வயல்களில் பெண்கள் பாடும் நடவுப் பாட்டுக்கு இது மிகவும் பொருந்தும். அதில் சில சுரங்கள் எந்த ஃப்ரெட்டிலும் அகப்படாமல், இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவே நிற்கக்கூடும். அவற்றை அருகிலுள்ள ஃப்ரெட்டுக்குத் தள்ளிவிட்டு, ‘அவர்கள் சுருதி தவறிப் பாடுகிறார்கள்’ என்று எண்ணிவிடாதீர்கள். தவறு ஃப்ரெட்டுடையது. நடவு இயந்திரம் இறங்கிய வயல்களில் அந்தப் பாட்டு கேட்பதில்லை. நீங்கள் கிட்டாரில் அமைத்ததுதான் பாட்டு என்று அடுத்த தலைமுறை நம்பிவிடும் நிலை வரலாம். எனவே பாட்டியிடமோ அத்தையிடமோ முதலில் அப்படியே பாடச் சொல்லிக் கேட்டு ஒலிப்பதிவு செய்து வையுங்கள். எந்தச் சுரங்களை உங்கள் அமைப்பில் விட்டுவிட்டீர்கள் என்பதையும் ஒரு தாளில் குறித்து அதனோடு வையுங்கள்.

ஒரு சிறு கணக்கு: ஆதார ‘ச’வை 2 கட்டைக்கு, அதாவது டி சுருதிக்கு மாற்றினால், திறந்த தந்திகள் ஆறும் என்ன சுரங்களாகும்? அவற்றுள் நம் மெட்டுக்குத் தேவைப்படாதவை ஏதேனும் உண்டா? தாளில் கண்டுபிடித்த பின்னர் தந்தியில் கேட்டுச் சரிபாருங்கள்.